பண்ணையார் கார் இன்ஜினைக் கேட்ட மகனுக்கு

மகனே,

உன் கடிதம் வந்தது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ எல்லாப் பக்கத்தையும் தள்ளிவிட்டுக் கடைசி வரியைத் தேடுவாய். ஷெட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த அந்த எட்டு சிலிண்டர் இன்ஜினை உனக்குத் தர மாட்டேன். தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குள் மோட்டார் சைக்கிளை முன்னால் வைத்து, பின்னால் கார் இன்ஜினும் கார் ஆக்ஸிலும் பூட்டி மூன்று சக்கர வண்டி ஒன்று கட்டி, செம்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குக் காய்கறி லோடு அடிக்கப்போகிறாய். நல்ல காரியம். வெல்டிங்கில் நீ என்னைத் தாண்டிவிட்டாய், வண்டி நன்றாகத்தான் வரும். ஆனால் நீ எழுதியிருந்த ஒரு வரியை மூன்று நாளாகத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். "அதுதான் வேணும்ப்பா. அந்தச் சத்தம் கேட்டா ஊரே எந்திரிச்சு நிக்கும். சின்ன வயசுல உங்க பக்கத்துல உக்காந்து பாத்தது இன்னும் மறக்கல." ஊர் எனக்காக எழுந்து நின்றது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். நினைக்க விட்டவன் நான். இதைப் படித்தபின் என்மேல் உள்ள மரியாதை குறைந்தால் குறையட்டும்.

அந்த இன்ஜின் வந்தது சேவுகம்பட்டிப் பக்கத்துப் பண்ணையார் ஒருவரின் காரிலிருந்து. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் அப்போது பல ஊர் அப்படித்தான் இருந்தது, ஒன்றைச் சொன்னால் மற்றது தப்பித்துக்கொள்ளும். யுத்தத்துக்கு முன்னால் வாங்கிய பெரிய அமெரிக்கக் கார். ஜனங்கள் 'பிளசர்' என்பார்கள். அதன் சத்தம் வேறு எந்த வண்டிக்கும் கிடையாது. அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே வரும், நடுநடுவே ஒரு இடறல் கேட்கும். கார் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்னாலேயே சத்தம் வந்துவிடும். வந்ததும் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். செருப்புப் போட்டவன் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போக வேண்டும். ரோட்டை விட்டுக் கீழே இறங்கித் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். நிற்காதவனை மறுநாள் ஆள் வந்து கூட்டிப்போகும், பண்ணைக் களத்தில் பொழுது சாயும்வரை வெயிலில் நிற்க வைப்பார்கள். அடி கிடையாது. அடிக்கவே தேவைப்படவில்லை. என் அப்பா அவர்களிடம் குத்தகைக்கு நிலம் பிடித்திருந்தார். எனக்கு ஏழு வயசு இருக்கும், சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். சத்தம் கேட்டதும் சைக்கிளோடு என்னையும் சேர்த்து வாய்க்காலில் இறக்கினார். முழங்கால் தண்ணீரில் இருவரும் நின்றோம். கார் போனபின் மேலே ஏறி, "ஆத்தா கேட்டா வழுக்கி விழுந்துட்டோம்னு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். என் ஆத்தாவும் நம்பினது மாதிரி நனைந்த வேட்டியை வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றினோம்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆனபோது நான் திண்டுக்கல்லில் சொந்தமாகப் பட்டறை போட்டிருந்தேன். மிலிட்டரி மோட்டார் சைக்கிள் ஒன்று ஏலத்தில் கிடைத்தது. அதன் சொந்த இன்ஜின் செத்துப்போயிருந்தது, முன் பாகம் மட்டும் நல்ல உறுதி. அதை வைத்து மூன்று சக்கர லோடு வண்டி கட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. நீ இப்போது கேட்கும் அதே கேள்வி அப்போது எனக்கு வந்தது: எந்த இன்ஜின்? பேகம்பூரில் பழைய இரும்பு வியாபாரம் செய்த பாயிடம் போனேன். உனக்கு அவரைத் தெரியும், வெள்ளைத் தாடி, எப்போதும் வாயில் வெற்றிலை. சின்ன இங்கிலீஷ் கார் ஒன்றின் நாலு சிலிண்டர் இன்ஜின் அவரிடம் கியர்பாக்ஸோடு இருந்தது. "ரெண்டு பேரு தூக்கிப் போட்டுரலாம். இத வச்சுக்க தம்பி" என்றார். நான் பண்ணையார் காரின் இன்ஜினைப் பற்றிச் சொன்னேன். கார் ஆக்ஸில் ஒடிந்து வண்டிக்கொட்டகையில் கிடக்கிறது, பின் சீட்டில் கோழி அடைகாக்கிறது, கேட்டால் கிடைக்கும் என்றேன். பாய் வெற்றிலையைத் துப்பினார்.

"அத எறக்கவே ஆறு ஆளு வேணுமே. மூணு கால்ல நிக்கிற வண்டிக்கு யானை உடம்ப வச்சா முன் சக்கரத்தப் புடிச்சிருக்கிற போர்க்கு தாங்குமா?"

"சின்னதுக்கு இழுவை பத்தாது பாய்."

"கத்திரிக்கா இழுக்க எம்புட்டு இழுவை வேணும்? கொடைக்கானல் மலையக் கட்டி இழுக்கப் போறியா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். மூன்று சக்கரத்தில் எடைதான் முதல் கணக்கு. பெரிய இன்ஜினுக்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும், அதை வைக்க இடமில்லை. நின்று நின்று லோடு ஏற்றுகிற வண்டி சூடாகிக் கொதிக்கும். பெட்ரோல் தண்ணீராகக் குடிக்கும். இதெல்லாம் தெரிந்த மெக்கானிக் நான். ஆனாலும் அந்த இன்ஜின் வேண்டும் என்று நின்றேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. என் அப்பனை வாய்க்காலில் இறக்கிய சத்தம் என் காலடியில் ஓட வேண்டும், நான் நிறுத்தினால் நிற்க வேண்டும், திருகினால் உறும வேண்டும். பழிவாங்குவதாக நினைத்தேன். அந்த நினைப்பில் ரொம்பப் பெருமையாக வேறு இருந்தேன்.

பண்ணையாரின் புதுக் கார் ரிப்பேருக்கு என்னைக் கூப்பிட்டபோது, கூலி வேண்டாம், பழைய கார் இன்ஜினைக் கொடுங்கள் என்று கேட்டேன். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "என் பிளசர் நெஞ்சயே கேக்குறியாடா? எடுத்துக்க, எடுத்துக்க. நம்ம ரோட்டுலதான ஓட்டப்போற?" ஆமாங்கய்யா என்றேன். "ஓட்டு. நான் வீட்டுல படுத்துக் கெடந்தாலும் ரோட்டுல என் பேரு ஓடும்ல." இதை அவர் ஒளித்து வைக்கவில்லை, பூசி மெழுகவில்லை. முகத்துக்கு நேரே சொன்னார். நானும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு ஆறு ஆளைத் தேடப் போனேன். அந்த ஆளுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன். பொய். புரிந்தது. அதில் எனக்கும் பங்கு கிடைக்கும் என்பதுதான் புரிந்தது.

வண்டி ரோட்டுக்கு வந்த முதல் நாள் கத்திரிக்காய்க் கூடைகளோடு வந்துகொண்டிருந்தேன். எதிரே புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு சைக்கிளில் ஒருவர் வந்தார். சத்தம் கேட்டதும் அவர் இறங்கிய வேகத்தில் கட்டு அவிழ்ந்து ரோடெல்லாம் புல். பள்ளத்தில் இறங்கித் தலையைக் குனிந்து நின்றார். பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். மூன்று சக்கரம், ஹேண்டில்பார், கத்திரிக்காய். முகத்தில் ஒரு குழப்பம். அப்புறமும் நான் தாண்டும்வரை துண்டைக் கக்கத்திலிருந்து எடுக்கவில்லை. உள்ளே பண்ணை ஆள் யாராவது இருந்தால் என்ன செய்வது என்று நினைத்திருப்பார். பட்டறைக்கு வந்து அதை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சைலன்சர மாத்துங்க" என்றாள். "அது அப்படித்தான் இருக்கும், உனக்கு இன்ஜினப் பத்தி என்ன தெரியும்" என்றேன். "இன்ஜினப் பத்தித் தெரியாது. உங்களப் பத்தித் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதத்தில் எனக்கு அது பழகிவிட்டது. இரண்டாம் மாதம் நிற்காதவர்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். இதை எழுதும்போது சீ என்று இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். செம்பட்டி ரோட்டில் ஒரு பாலத்துக் கட்டையில் மாயாண்டி என்று ஒரு வாலிபர் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். சேரியிலிருந்து வருகிறவர், பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை. என் வண்டி பக்கத்தில் வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. நான் ஹாரன் அடித்தேன். ரோட்டில் அவர் இல்லை, கட்டையில் இருந்தார், ஹாரனுக்கு வேலையே இல்லை. வண்டியை நிறுத்தினேன்.

"என்னடா, காது கேக்கலயா?"

"காது கேக்குதுண்ணே. கண்ணும் தெரியுது."

"அப்புறம்?"

"கத்திரிக்காதான போகுது. கத்திரிக்காவுக்குமா எந்திரிக்கணும்?"

வண்டிமேல் கூடைகளோடு உட்கார்ந்து வந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவரை நான் பண்ணையாரிடம் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லலாமா என்று திண்டுக்கல் வரும்வரை யோசித்தேன். பன்னிரண்டு மைல் யோசித்தேன். ஏழு வயசில் வாய்க்காலில் நின்றவன், முப்பதைத் தாண்டியபின் அப்படி யோசித்தான்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் கரும்புத் தோட்டத்தில் மாயாண்டியைப் பாம்பு கடித்தது. மத்தியானம். நாலு பேர் அவரைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு, பஸ் வருகிற பெரிய ரோட்டை நோக்கி ஓடினார்கள். அவர் பெஞ்சாதி ராக்கம்மா கூடவே ஓடினார். அதே ரோட்டில், அதே நேரத்தில், பாதி லோடோடு நான் திண்டுக்கல்லுக்கு வந்துகொண்டிருந்தேன். வண்டியில் ஒரு கட்டில் போட இடம் இருந்தது. தூரத்தில் என் சத்தம் அவர்களுக்குக் கேட்டது. எல்லோரும் நிற்கலாம், கட்டிலில் கிடக்கிறவர் எப்படி எழுந்து நிற்பது? பண்ணையார் வரும்போது ஒருத்தன் படுத்துக்கொண்டே இருந்தான் என்று ஆகிவிடுமே. கட்டிலைக் கள்ளிவேலிக்குப் பின்னால் இறக்கி வைத்து மறைத்துவிட்டு, நாலு பேரும் முன்னால் வரிசையாக நின்றார்கள். நான் பார்த்தேன். வேலி ஓரத்தில் நாலு தலை குனிந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, சத்தம் இன்னும் கொஞ்சம் கூடட்டும் என்று ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் செம்பட்டி டீக்கடையில்தான் எனக்குத் தெரிந்தது. "கத்திரிக்கான்னு சொன்னானே, அந்தப் பய போய்ட்டான்" என்று ஒருவர் சொன்னார். பஸ் வருவதற்குள் ரோட்டோரத்திலேயே உயிர் போய்விட்டது என்றார். சேரிக்குப் போனேன். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துபோகலாம் என்றுகூடத் தோன்றவில்லை, அந்தச் சத்தத்தோடுதான் போனேன். தெருவே வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ராக்கம்மா மட்டும் வெளியே வந்தார். கும்பிட்டுக்கொண்டே வந்தார். நான் ஏதோ கேட்கவேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"அய்யா, வேணும்னு செய்யலய்யா. அவரால எந்திரிக்க முடியல. அதுனாலதான் மறைவா வச்சோம். பண்ணையார்ட்ட சொல்லிராதீங்க."

நான் அதைக் கேட்க வரவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. நம்ப என்ன காரணம் இருக்கிறது? பிறகு என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: "கட்டில்ல கெடந்துக்கிட்டே சொன்னாருய்யா. அது பண்ணையாரு இல்ல, கத்திரிக்கா வண்டி, நிப்பாட்டுங்கடா, ஏத்திக்கிருவாருன்னு. நாங்கதான் பயந்துபோயி அவர் வாயப் பொத்திட்டோம்."

ஏற்றிக்கொள்வார் என்று அவர் சொல்லியிருக்கிறார். என்னை. ஹாரன் அடித்தவனை.

இதற்குப் பிறகு நான் திருந்தினேன் என்று நீ எதிர்பார்ப்பாய். மறுநாளே இன்ஜினைக் கழற்றிப் போட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் செய்தது இவ்வளவுதான்: ரோட்டை மாற்றினேன். ஒட்டன்சத்திரம் பக்கம் லோடு அடித்தேன். அங்கே அந்தச் சத்தம் யாருக்கும் தெரியாது, "ஏனுங்க, வண்டி இப்படிக் கத்துது" என்று கிண்டல் செய்வார்கள். அதே இன்ஜின் எட்டு மாதம் ஓடியது. அப்புறம் பாய் சொன்னபடியே முன் போர்க் ஒடிந்தது. அதனால்தான் வண்டி நின்றது. என் மனசாட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்ஜினை இறக்கி, எண்ணெய் பூசி, சாக்கால் மூடினேன். கேட்டவர்களுக்கும் விற்கவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் சில சமயம் சாக்கை விலக்கிப் பார்ப்பேன். நல்ல வேலைப்பாடு, என்ன இரும்பு என்று தடவிப் பார்ப்பேன். இப்படி ஒரு மனுஷன் உன் அப்பன். உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் நீ என்ன அடைமொழி வேண்டுமானாலும் போட்டுக்கொள், இது தெரிந்தபின் போட்டுக்கொள்.

நீ இதற்குச் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும், கடிதத்திலேயே பாதி எழுதிவிட்டாய். காலம் மாறிவிட்டது, எலெக்‌ஷன் வந்து ஓட்டுக் கேட்டு அவர்களே சேரிக்குள் போகிறார்கள், யாரும் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை, இப்போது அது வெறும் இன்ஜின் என்கிறாய். வெறும் இன்ஜின் என்றால் எதற்கு அந்தச் சத்தத்தைக் கேட்கிறாய்? பேகம்பூரில் பாயின் மகன் இப்போது கடையைப் பார்க்கிறான். நாலு சிலிண்டர் ஒன்று வந்திருக்கிறது என்று சொன்னான். போய்ப் பார்த்தேன். காசைக் கடித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். பிளாக்கில் விரிசல் இல்லை, நாலிலும் கம்ப்ரஷன் நிற்கிறது, கியர்பாக்ஸ் கூடவே இருக்கிறது. அதற்குப் பொருத்தமான ஆக்ஸிலையே வாங்கு, வேறு காருடையதைக் கலக்காதே. இன்ஜினை உன் சீட்டுக்குப் பின்னால் எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ வை. லோடு பாரம் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே விழட்டும். பின்னால் தள்ளிப் போனால் மேட்டில் முன் சக்கரம் தூக்கும். ரேடியேட்டருக்குக் காற்று வர வழி விடு. பிரேக்கைப் பின் இரண்டு சக்கரத்திலும் போடு, முன் பிரேக்கை நம்பாதே. மெக்கானிக்காக நான் சொல்லவேண்டியது அவ்வளவுதான்.

மீதி இன்று காலையில் நடந்தது. 'ஓடுதான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க' என்று எழுதியிருந்தாய். தர மாட்டேன் என்று முடிவு செய்த பிறகும், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பேட்டரி கட்டினேன், கார்புரேட்டரைத் துடைத்துப் பெட்ரோல் ஊற்றினேன், கதவைத் திறந்து வைத்தேன். நாலாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அதே உறுமல், அதே இடறல். எதிர்த்த டீக்கடைப் பெஞ்சில் பூ மார்க்கெட்டுக்குக் கூடை கொண்டுவந்த பெரியவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுபது வயசுக்குக் குறையாது. கிளாஸைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். திண்டுக்கல் டவுனில், பட்டப்பகலில், பஸ்ஸும் ரிக்‌ஷாவும் போகிற ரோட்டில். டீக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன பெருசு, சினிமா முடிஞ்சு தேசியக் கொடி காட்டுறானா, இப்படி வெறச்சு நிக்கிற?" என்று சிரித்தார்.

இன்ஜினை நிறுத்திவிட்டு ஓடினேன்.

"உக்காருங்கய்யா. அது சும்மா கெடந்த பழைய இன்ஜின். அந்தப் பண்ணையார் செத்து நாலு வருஷமாச்சு."

"தெரியும்ங்கய்யா. அவரு சிதைக்கு வெறகு அடுக்குனதே நான்தான்."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். "நான் நிக்கலங்கய்யா. காலு நின்னுருச்சு" என்றார். அவருக்கே வெட்கமாக இருந்தது. உட்காரச் சொன்னேன், கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தேன். "நீங்க போங்க, உக்காந்துக்கிறேன்" என்றார். நான் திரும்பி வந்து ஷெட்டுக் கதவைச் சாத்தும்வரை அவர் உட்காரவில்லை.

கதவைச் சாத்தியபடியே சம்மட்டியை எடுத்தேன். மத்தியானம்வரை அடித்தேன். ஒரு பக்கத்து நாலு சிலிண்டர் போய்விட்டது. மறுபக்கத்து நாலை உன் கைச் சம்மட்டிக்கு விட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வா. அதை முடித்துவிட்டுப் பேகம்பூருக்குப் போவோம்.

அப்பா